பால் பிரண்டனைப் பாதியில் நிறுத்தாதீர்கள்



நம் அடி அண்ணாமலைத் தெருக்களில் வாடகைக்கு வீடு கேட்டு வரும் வெளிநாட்டுக்காரர்கள் இன்று நமக்குப் புதியவர்கள் இல்லை. அந்த வரவுக்கு வாசலை அகலத் திறந்துவிட்டது 1934இல் லண்டனில் வந்த ஒரு புத்தகம்: ‘எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா’. எழுதியவர் பால் பிரண்டன். லண்டனில் யூதராகப் பிறந்தவர். இயற்பெயர் ராஃபேல் ஹர்ஸ்ட். 1931இல் செங்கல்பட்டில் காஞ்சி சங்கராச்சாரியாரைப் பார்த்தார். தென்னாட்டை விட்டுப் போகுமுன் ரமண மகரிஷியைக் கண்டுவிடு என்று அவர் சொல்லியனுப்பினார். வந்தார். கேள்விகளைச் சுமந்துகொண்டு திருவண்ணாமலையில் ரமணரின் கூடத்தில் உட்கார்ந்தவருக்கு ஒவ்வொரு கேள்வியாக உதிர்ந்து போனது. அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் மேஜர் சாட்விக் என்ற ஆங்கிலேயர் 1935இல் இங்கே வந்து தங்கிவிட்டார்.

இதுவரை நம் மேடைகளில் எல்லோரும் பேசுகிறார்கள். இதற்கு மேல் நா எழுவதில்லை! ஏன் எழுவதில்லை என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

முப்பதுகளின் கடைசியில் பிரண்டனுக்கும் ரமணாசிரம நிர்வாகத்துக்கும் கசப்பு முற்றியது. கூடத்தில் குறிப்பெடுக்க அவருக்குத் தடை வந்தது. அவர் விலகிப் போனார். மைசூரில் வி. சுப்பிரமணிய ஐயரிடம் வேதாந்தம் கேட்டார். 1941இல் ‘தி ஹிடன் டீச்சிங் பியாண்ட் யோகா’ வெளிவந்தது. தியானத்தில் கிடைக்கும் அமைதி ஒன்றே உண்மைக்குச் சான்றாகிவிடாது, அறிவு விசாரணை வேண்டும், உலகத்துக்கு உழைக்கவும் வேண்டும் என்று அதில் எழுதினார். உலகப் போர் மூண்டிருந்த நேரம் அது. ஆசிரமத்தின் மீதும் குறை சொன்னார். அன்றிலிருந்து பாதிப் பிரண்டன்தான் நமக்குச் சொந்தம். மீதிப் பாதிக்கு நன்றி கெட்டவன் என்று பட்டம்!

அவர்மேல் குற்றமே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. ரமணரிடம் கேட்ட உபதேசத்தை அவர் பெயரைச் சொல்லாமல் தன் எழுத்தில் கலந்துகொண்டார் என்ற புகார் கனமானது. குருவின் சொல்லைத் தன் சொல்லாக்குவது தவறு. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி? ஒரு ஞானியின் அமைதியால் பசித்தவனுக்கு என்ன பயன் என்ற கேள்வி? அதைக் கேட்டதும் குற்றமா? இதே கேள்வியை ரமணரிடம் நேரிலேயே பலர் கேட்டிருக்கிறார்கள். தன்னை அறிவதே உலகத்துக்குச் செய்யும் பெரும் உதவி என்று அவரும் பதில் சொன்னார். கேட்டவரை அவர் விரட்டவில்லை. அவருக்குக் கோபம் வராத கேள்விக்கு உங்களுக்கும் எனக்கும் ஏன் கோபம் வருகிறது?

பிரண்டன் பிறந்த யூத சமூகத்தின் கதையையும் கேளுங்கள். 1656 ஜூலை 27, ஆம்ஸ்டர்டாம். ஸ்பினோசா என்ற 23 வயது இளைஞரை அவருடைய சபையே விலக்கி வைத்தது. அவரோடு யாரும் பேசக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது என்று தீர்ப்பு. இயற்கையும் கடவுளும் ஒன்று என்று பின்னாளில் எழுதிய மனிதர் அவர். அத்வைதம் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் அதிர்ச்சி என்ன இருக்கிறது? தீர்ப்பு என்ன ஆயிற்று? 1915இல்கூட ஹெர்மன் கோஹன் என்ற யூதத் தத்துவ மேதை அவரைத் தன் இனத்துக்கே துரோகம் செய்தவர் என்று சாடினார். 1929இல் ஐன்ஸ்டீன், தான் நம்புவது ஸ்பினோசாவின் கடவுளை என்றார். ஐம்பதுகளில் இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன், அந்த அநீதியைத் திருத்த வேண்டும் என்று எழுதினார். முந்நூறு ஆண்டாகச் சண்டை ஓயவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் எல்லோருமே அவரைப் படித்தார்கள்! திட்டியவர்களும் படித்துவிட்டே திட்டினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சேறியது. 1869இல் ஆறுமுக நாவலர் ‘போலியருட்பா மறுப்பு’ எழுதினார். மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. இன்று வள்ளலாரும் நம்மவர், நாவலரும் நம்மவர். இருவரையும் வைத்துக்கொள்ளத் தமிழனுக்கு இடமிருந்தது. ஒரு பிரண்டனுக்கு மட்டும் இடமில்லையா?

விலகாமல் இருந்தவர்களை நாம் நன்றாகவே நினைவில் வைத்திருக்கிறோம். இராக்கிலிருந்து வந்த யூதர் எஸ்.எஸ். கோஹன் ஆசிரமத்தை ஒட்டிய பலாக்கொத்தில் மண்குடிசை போட்டுத் தங்கினார். போலந்து யூதர் மாரிஸ் ஃப்ரீட்மன் தொகுத்த ‘மகரிஷிஸ் காஸ்பெல்’ 1939இல் வந்தது. அவர்களுக்கு நம் வணக்கம் என்றும் உண்டு. ஆனால் பக்தர்களை மட்டும் எண்ணிக் கணக்கு முடித்தால், ரமணரோடு மாறுபட்டவர்கள் யாருமே இல்லை என்றல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்!

ஆகவே நான் கேட்பது இது. நம் ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்தில் 1934ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் 1941ஆம் ஆண்டுப் புத்தகமும் இருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்த இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அந்த 1941ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ரமணரையும் ஆசிரமத்தையும் விமர்சிக்கும் பகுதிகளை முதலில் தமிழாக்குங்கள். அதற்கான தாளும் அச்சுக் கூலியும் என் பொறுப்பு. முடித்ததும் இதே பந்தலில், ரமண பக்தர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, உரக்கப் படியுங்கள். பதில் சொல்ல விரும்புகிறவர்கள் மேடைக்கு வரட்டும்.