பெட்ரூமுக்கு முன்னாடி ஒரு கோடு

வீட்டு ப்ளான்னதும் நாம கேட்கிறது, "எத்தனை பெட்ரூம்?" வீராம்பட்டினம் மாதிரி மீனவ கிராமத்துல முதல் கேள்வியே வேற: உயர் அலைக் கோட்டுலேர்ந்து மனை எத்தனை மீட்டர்?

2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, கிராமப் பகுதியில பொதுவா முதல் 200 மீட்டர் வளர்ச்சித் தடை மண்டலம். சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல வாழுற இடம்னா 50 மீட்டர். அதுக்குள்ள, அனுமதியோட கட்டின பழைய வீட்டைத் திரும்பக் கட்டலாம். ஆனா பழைய அடித்தளப் பரப்பைத் தாண்டக் கூடாது.

குடும்பம் பெருகும், பரப்பு பெருகாது. அப்போ ப்ளான்ல முதல்ல காணாமப் போறது திண்ணைதான். வலையைச் சரிபண்றது, சாயங்காலம் கடல்காத்து வாங்குறது, வந்தவங்களை உட்கார வைக்கிறது எல்லாமே அங்கதானே? அதனால பெட்ரூமைக் கொஞ்சம் சுருக்குங்க, திண்ணையை விட்டுடாதீங்க.