'சேமி' பட்டன் எங்கே?



மேடை ஏறினால் எல்லோரும் சாதனையைத்தான் சொல்வார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டுப் போகிறேன். படிக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் உபயோகம்.

கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தேன். 2011 ஜூலையில் தமிழ்நாட்டில் வாட் வரி மாறியது. 4 சதவீதம் இருந்த பொருள்களுக்கு 5 ஆயிற்று. "செட்டிங்ஸ்ல போய் மாத்திக்குங்க, ஒரு நிமிஷ வேலை" என்று எல்லாக் கடைக்கும் போனில் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு கடைக்குப் போனால், கணக்கு பார்க்கும் அம்மா ஒவ்வொரு பில்லிலும் வரியைப் பேனாவால் அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறார்! "ஏம்மா, மாத்தலையா?" என்றேன். "மாத்தினேன் சார். மூடித் திறந்தா பழையபடி நாலுதான் நிக்குது. எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரலை" என்றார்.

அவர் மேஜையில் இருந்தது சின்ன நெட்புக். திரை உயரம் 600 பிக்சல். டாஸ்க்பாருக்கு 40 போக மிச்சம் 560. என் செட்டிங்ஸ் பெட்டியின் உயரமோ 690. என்னுடைய 768 பிக்சல் திரையில் அது அம்சமாக உட்கார்ந்திருந்தது. அவர் திரையில் அடியிலிருந்த 130 பிக்சல் மறைந்துபோயிற்று. 'சேமி' பட்டன் அங்கேதான் இருந்தது. தப்பு என்னுடையது, வெட்கப்பட்டது அவர்.

திரும்பி வந்து பெட்டியை மாற்றினேன். பட்டன்களைக் கீழே நிலையாக நிறுத்தி, நடுவில் உள்ளது மட்டும் உருளும்படி செய்தேன். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் திணிக்காமல் வரி, பிரிண்டர், கடை விவரம் என்று பக்கம் பிரித்தேன். ஆங்கிலத்தில் ஏழெழுத்தில் அடங்குகிற பிரிண்டர், தமிழில் 'அச்சுப்பொறி' என்று அகலமாகிவிடும். ஆகவே பெயர்களைக் கட்டத்துக்குப் பக்கத்தில் வைக்காமல் மேலே வைத்தேன். உயரம் கூடினால் என்ன, உருட்டிக்கொள்ளலாமே! புதுசைப் போட்டுக் கொடுத்ததும் அந்த அம்மா தாமே மாற்றி, தாமே சேமித்தார்.

நெட்புக் போய் இன்று கைபேசி வந்துவிட்டது. எண்ணை மாற்ற விரல் வைத்ததும் கீபோர்டு எழும்பிப் பாதித் திரையை மறைக்கிறது. பட்டன் அதற்கு அடியில் மாட்டிக்கொண்டால் மறுபடி அதே கதைதான். 2018-இல் வந்த டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 என்ற அணுகல் நெறிமுறை, 320 சி.எஸ்.எஸ். பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடியவேண்டும் என்கிறது.

மாணவர்களே, பெரிய மானிட்டரில் எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அனுப்புவதற்கு முன்னால், கிடைக்கிற மிகச் சின்னத் திரையில் திறந்து, வேறொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். யாராவது "எனக்குத் தெரியலை சார்" என்றால், முதலில் உங்கள் பெட்டியை அளந்து பாருங்கள்.