அரிப்பில் ஒரு ஷாட்

மன்னாருக்குத் தெற்கே அரிப்புக் கடற்கரையில் ஓர் இடிந்த மாளிகை நிற்கிறது. ஊரார் அதை அல்லிராணிக் கோட்டை என்பார்கள். கட்டியவர் கதைகளில் வரும் அல்லிராணி அல்ல. 1798 முதல் 1805 வரை இலங்கையின் பிரித்தானிய ஆளுநராக இருந்த பிரெடரிக் நோர்த். முத்துக்குளிப்புக் காலத்தில் தங்குவதற்காகக் கடலைப் பார்த்தபடி கட்டினார்.

இதை ஆவணப்படமாக எடுக்கப் போகிறவர் கமராவைத் தூக்குமுன் ஒரு தாளை எடுக்கட்டும். ஷாட்டுகளைக் கட்டம் கட்டமாகக் கிறுக்கினால் போதும், சித்திரம் அழகாக இருக்கவேண்டியதில்லை. முதலில் தூரக்காட்சி: பெரிய கடல், சின்னஞ்சிறு சுவர். பக்கத்தில் ஓர் ஆள் நடந்தால்தான் சுவரின் உயரம் தெரியும். பிறகு அண்மைக்காட்சி: செங்கல், சுண்ணாம்புச் சாந்து, விரிசல். அடுத்து, கமராவைத் திருப்பி, ஆளுநர் பார்த்த கடலை அதே இடத்திலிருந்து பார்க்கவேண்டும். வள்ளங்கள் நிறைந்திருந்த அந்தக் கடல் இன்று எப்படி இருக்கிறது? இந்த ஒரு திருப்பம் பத்து நிமிட வர்ணனைக்குச் சமம் என்பேன்.

ஊரின் பெயர் அரிப்பு. கரையில் கடல் செய்வதும் அரிப்புத்தான்! பாதி மாளிகை ஏற்கெனவே போய்விட்டது. பின்னணிக்கு அலையோசை மட்டும் போதும், வயலின் வேண்டாம்.

மேற்குக் கரை என்பதால் கடற்பக்கச் சுவரில் மாலையில்தான் வெயில் விழும். நான்கு மணிக்குப் பிறகு போங்கள். படத்துக்காக இடிபாட்டின் மேல் மட்டும் ஏறாதீர்கள்.