ஹெட்லைட்டும் எதிரே வருபவர் கண்ணும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான் பேசணும், எல்லாருக்கும் உபயோகமா இருக்கணும், ஃபார்முலா போட்டுப் பயமுறுத்தக் கூடாது" என்று மூன்று நிபந்தனை விதித்துத்தான் செயலாளர் அண்ணன் என்னை மேடை ஏற்றியிருக்கிறார். நானோ இயந்திரவியல் படித்துவிட்டு வாகன உதிரிபாகத் துறையில் காலம் தள்ளுகிறவன். ஆகவே எனக்குத் தெரிந்த, உங்களில் பெரும்பாலோர் வீட்டு வாசலில் நிற்கிற ஒரு பொருளைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். அது கார் ஹெட்லைட். அதன் வெளிச்சம் எங்கே விழ வேண்டும், எங்கே விழக் கூடாது, அதை நாமே எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் விஷயம்.

இரவில் வண்டி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் ஒரே புகார்தான். "எதிர்ல வர்றவன் பிரைட்டைப் போட்டுக்கிட்டே வர்றான் சார். நாம டிப் பண்ணிக் காட்டினாலும் குறைக்க மாட்டேங்கறான்." புகாரில் உண்மை உண்டு. ஆனால் பல சமயம் அந்த மனிதர் லோ பீமில்தான் வந்துகொண்டிருப்பார். அவர் விளக்கு தரையைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அவருக்கு அது தெரியாது. நம்முடைய விளக்கும் அப்படி இருந்தால் நமக்கும் தெரியாது. ஓட்டுகிறவர் தன் விளக்கை எதிரே நின்று பார்ப்பதில்லையே!

முதலில் லோ பீம் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பல கார்களில் இருக்கும் எச்4 ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. ஹை பீமுக்கு 60 வாட், லோ பீமுக்கு 55 வாட். லோ பீம் இழைக்கு அடியில் கரண்டி மாதிரி ஒரு சின்னத் தகடு இருக்கும். அது, வெளிச்சம் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் மறைத்துவிடும். மேல்பாதியில் பட்ட வெளிச்சம் மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழும். அதனால்தான் லோ பீமைச் சுவரில் அடித்தால், மேலே இருட்டு, கீழே வெளிச்சம், நடுவே வெட்டினாற்போல ஒரு கோடு தெரியும்.

அந்தக் கோடு நேர்கோடு அல்ல. இடது பக்கம் ஓடும் நம் நாட்டில், கோட்டின் வலப்பாதி கிடையாக இருக்கும். இடப்பாதி 15 டிகிரி மேல்நோக்கி ஏறும். வலப்பக்கம் எதிரே வருகிறவர் இருக்கிறார், அவர் கண்ணில் படக் கூடாது. இடப்பக்கம் சாலை ஓரம். அங்கே சைக்கிள் போகும், மாடு நிற்கும், மனிதர் நடப்பார். தைப்பூச சமயத்தில் பழனிச் சாலையில் இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும், எத்தனை பேர் ஓரமாக நடந்து போகிறார்கள் என்று. கோட்டின் அந்த ஏற்றம் அவர்களைக் காட்டுவதற்காகவே வைத்தது. ஐரோப்பாவில் வலது பக்கம் ஓடுவதால் அங்கே ஏற்றம் வலப்புறம் இருக்கும். இங்கிலாந்திலிருந்து காரோடு பிரான்சுக்குப் போகிறவர்கள் விளக்கின்மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதற்கு இதுதான் காரணம். மலிவாகக் கிடைக்கிறதே என்று அந்த நாட்டு டூமை வாங்கி நம் காரில் மாட்டினால், எந்தத் திருகைத் திருப்பினாலும் சரிவராது.

இனி அளவுக்கு வருவோம். செயலாளர் அண்ணன் மன்னிக்கணும், கொஞ்சம் கணக்கு உண்டு. ஆனால் ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

சாதாரணக் காரின் விளக்கு தரையிலிருந்து சுமார் 65 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த வெட்டுக்கோடு 100-க்கு 1 என்ற கணக்கில் இறங்க வேண்டும். அதாவது 10 மீட்டர் தூரத்தில் 10 செ.மீ. தாழ்வு. அப்படியானால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். அதே கோடு 1 சதவீதம் மேலே ஏறியிருந்தால்? 50 மீட்டர் தூரத்தில் அது தரையிலிருந்து 115 செ.மீ. உயரத்தில் இருக்கும். எதிரே வரும் கார் டிரைவரின் கண் ஏறக்குறைய அந்த உயரம்தான். இந்த இரண்டு நிலைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டிகிரியைவிடச் சற்றே அதிகம். பானெட்டைத் திறந்து ஒரு திருகைச் சில சுற்று திருப்பினால் தீர்ந்தது.

இதைச் சட்டமும் சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதற்கென்றே இருக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், அந்தக் கண் கூசாதபடி விளக்கு கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. எதிரே வருபவரின் கண்ணை டேப் வைத்து அளந்து எழுதிய விதி என்று நான் இதைச் சொல்வதுண்டு.

ஒரு அனுபவம் சொல்கிறேன். என் சித்தப்பா ஒருவர், பணி ஓய்வு பெற்றவர். கார் முன்பக்கம் லேசாக இடித்து, ஒரு பட்டறையில் பம்பர் மாற்றி வாங்கி வந்தார். ஒரு மாதம் கழித்து என்னிடம், "ராத்திரியில ரோடே தெரியமாட்டேங்குதுடா. கண்ணு போச்சா, பல்பு போச்சான்னு புரியல. அதுல வேற, எதிர்ல வர்றவன் எல்லாம் என்னைப் பாத்து லைட்டடிக்கிறான். பேசாம எல்ஈடி போட்டுடட்டுமா?" என்றார். "இருங்க சித்தப்பா, முதல்ல சுவத்துல அடிச்சுப் பாத்துடுவோம்" என்றேன். பார்த்தால், 5 மீட்டர் தூரத்தில் இடது விளக்கின் கோடு 20 செ.மீ. கீழே இறங்கிக் கிடக்கிறது. அதாவது வெளிச்சம் 16 மீட்டரிலேயே தரையில் விழுந்துவிடுகிறது. சுமார் ஒன்றரை பஸ் நீளம்! வலது விளக்கோ 5 செ.மீ. மேலே ஏறி நிற்கிறது. அவருக்கு ஓரம் தெரியவில்லை, எதிரே வருபவருக்கு எதுவுமே தெரியவில்லை. பல்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு திருகுகளைச் சரிசெய்ததும் அவர் கண்ணும் சரியாகிவிட்டது.

இதை நீங்களும் செய்யலாம். தேவையானவை ஒரு சுவர், அளவு டேப், சாக்பீஸ், ஸ்க்ரூடிரைவர், கூட ஒரு ஆள். இருட்டிய பிறகு, சமதளத்தில் செய்ய வேண்டும். சாய்வான தரையில் பார்த்தால் எல்லா அளவும் பொய்.

முதலில் டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். டிக்கியில் சுமை வேண்டாம். டிரைவர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். டாஷ்போர்டில் விளக்கின் உயரத்தைக் குறைக்கும் 0, 1, 2, 3 என்ற சக்கரம் இருந்தால் 0-வில் வையுங்கள். விளக்குக் கண்ணாடியைத் துடையுங்கள். வண்டியை முன்னும் பின்னும் இரண்டு தடவை அமுக்கி விடுங்கள். ஸ்பிரிங் தன் நிலைக்கு வந்துவிடும்.

வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் எதிரே சுவரில் ஒரு கூட்டல் குறி போடுங்கள். பிறகு திருப்பாமல், நேர்பின்னாக 5 மீட்டர் வாருங்கள். கூட்டல் குறிக்கு 5 செ.மீ. கீழே ஒரு கிடைக்கோடு இழுங்கள். சில கார்களில் விளக்கின் மேலோ பானெட்டுக்கு அடியிலோ 1.2% போன்ற எண் அச்சிட்டிருக்கும். அப்படி இருந்தால் அதுதான் வேதவாக்கு. 1.2% என்றால் 5 மீட்டரில் 6 செ.மீ.

லோ பீமைப் போடுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பாருங்கள். விளக்கின்மேல் துணியைப் போர்த்தி வைக்காதீர்கள். ஹாலஜன் சூட்டில் கருகிவிடும். வெட்டுக்கோட்டின் கிடையான பாதி நீங்கள் இழுத்த கோட்டின்மேல் உட்கார வேண்டும். ஏற்றம் தொடங்குகிற அந்த முழங்கை, கூட்டல் குறிக்கு நேர்கீழே இருக்க வேண்டும். முழங்கை வலப்பக்கம் நகர்ந்திருந்தால், ஓரத்தில் நடப்பவருக்கு ஒதுக்கிய வெளிச்சம் எதிரே வருபவர் கண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம்.

சரிசெய்யும் திருகுகள் விளக்கின் பின்புறம் இருக்கும். பொதுவாக ஒன்று மேல்கீழாக அசைக்க, மற்றது இடவலமாக அசைக்க. எது எதற்கு என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்புங்கள். எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள். தப்பாகப் போனால் திரும்பி வரலாம். எச்4 விளக்கில் லோ பீமைச் சரிசெய்தால் ஹை பீம் தானாகச் சரியாகிவிடும். திருகு வெறுமனே சுற்றினாலோ, டூம் கையில் ஆடினாலோ உள்ளே கிளிப் உடைந்திருக்கும். அது மெக்கானிக் வேலை. பெரிய பட்டறைகளில் பீம் செட்டர் என்று தண்டவாளத்தில் நகரும் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். 10 மீட்டர் தூரத்துச் சுவரை ஒரு லென்ஸ் மூலம் அந்தப் பெட்டிக்குள்ளேயே கொண்டுவந்துவிடும். சர்வீஸுக்கு விடும்போது "பீம் பாத்துக் குடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சுவரில் வெட்டுக்கோடே தெரியாமல் வெளிச்சம் மொத்தமாகச் சிதறினால் கோளாறு வேறு. ரிஃப்ளெக்டர் மங்கியிருக்கலாம், கண்ணாடி மஞ்சளாகியிருக்கலாம். அல்லது ஹாலஜனுக்கென்று செய்த டூமில் யாரோ ஒரு எல்ஈடி பல்பைச் சொருகியிருக்கலாம். ரிஃப்ளெக்டரின் வளைவு, இழை இருக்கிற இடத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் கணக்கிட்டுச் செய்தது. இழை இருக்க வேண்டிய இடத்தில் வேறு வடிவ ஒளிமூலம் வந்தால் கோடு கலைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு முன்னால் பளீரென்று தெரியும். தூரத்தில் கிடைப்பதோ குறைவு, எதிரே வருபவருக்குக் கிடைப்பது அதிகம். ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கும் நம்ம ஊர் வழக்கமும் இதைத் தீர்க்காது. பொட்டு வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் தின்னும். மேலே பார்க்கிற விளக்கைக் கீழே பார்க்க வைக்காது.

இன்னொன்று, சுமை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறோம். ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, அரிசி மூட்டை, அம்மா கொடுத்தனுப்பிய தேங்காய். பின்பக்கம் 5 செ.மீ. அமுங்குகிறது என்று வையுங்கள். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 240 செ.மீ. என்றால், விளக்கு 2 சதவீதம் மேலே தூக்கிவிடும். சரியாக இருந்த கோடு, மேலே சொன்ன 115 செ.மீ. கணக்குக்கு அப்படியே வந்துவிடுகிறது. டாஷ்போர்டில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரம் இதற்குத்தான். சுமைக்கு ஏற்ப 1, 2, 3 என்று வைத்தால் விளக்கு தலை குனியும். கார் வாங்கிப் பத்து வருஷமாகியும் அதைத் தொடாதவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சரியாக வைத்த லோ பீமுக்கும் எல்லை உண்டு. 60 கி.மீ. வேகத்தில், சுதாரிக்க ஒன்றரை விநாடியும் சேர்த்து, வண்டி நிற்க ஏறக்குறைய 48 மீட்டர் ஆகும். 80 கி.மீ. வேகத்தில் 74 மீட்டர் ஆகும். வெளிச்சம் தரையைத் தொடுவதோ 65 மீட்டரில். லோ பீமில் 80-க்கு மேல் போகிறவர், தன் கண்ணுக்கு எட்டாத தூரத்தை நம்பி ஓட்டுகிறார். எதிரே வருபவர் கண்ணைக் கூச வைத்தால், "அவன் குறைக்கல, நான் மட்டும் ஏன் குறைக்கணும்?" என்று நாமும் பிரைட்டைப் போடுவது இன்னும் ஆபத்து. எதிரெதிரே 60-இல் வரும் இரண்டு வண்டிகள் விநாடிக்கு 33 மீட்டர் நெருங்குகின்றன. இரண்டு பேருக்கும் கண் தெரியாத மூன்று விநாடியில் 100 மீட்டர் கரைந்துபோகும். வயதான கண்கள் கூச்சத்திலிருந்து மீள இன்னும் நேரமாகும். அந்தச் சமயத்தில் வேகத்தைக் குறைத்து, பார்வையை இடப்பக்கச் சாலை ஓரத்துக்குத் திருப்புவதே நல்லது.

பல்பு மாற்றினால், முன்பக்கம் இடித்துச் சரிசெய்தால், நீண்ட பயணம் கிளம்பினால், ஒரு முறை சுவரில் அடித்துப் பாருங்கள். அரை மணி நேர வேலை, செலவு ஒரு சாக்பீஸ். கல்லூரியில் நாம் படித்த ஒளியியலுக்கும் வடிவியலுக்கும் இதைவிட நல்ல செய்முறைத் தேர்வு கிடையாது. இதில் மதிப்பெண் போடுகிறவர் எதிரே வருகிற, முகம் தெரியாத ஒரு மனிதர். அவரும் அவர் வீட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேரணும்.

இன்று இரவே காரில் ஊர் திரும்புகிறவர்கள், கிளம்பும் முன் அந்தச் சின்னச் சக்கரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போங்கள்.