திரையில் தெரியும் ஊரும் நாம் வாழும் ஊரும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிர்வாகத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு சற்று முன்னர் வாசிக்கப்பட்டு, தங்கள் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. அக்கணக்கில் இடம்பெறாத ஓர் இழப்பைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகின்றோம். நம் ஊரைப் பற்றி நம் மனத்தில் இருந்த நிம்மதி கடந்த சில காலமாகக் கரைந்து வருகின்றது. அது எப்படிக் கரைகின்றது, எதனால் கரைகின்றது என்பதை நாம் கூடியிருந்து சிந்திக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

2025ஆம் ஆண்டு பிப்ரவரி 3, 4 தேதிகளில் மதுரை மாவட்டத்தில் தடையுத்தரவு இருந்ததையும், அதே ஆண்டு டிசம்பர் 3, கார்த்திகை தீபத்தன்று நம் ஊரில் நிலவிய பதற்றத்தையும் தாங்கள் அறிவீர்கள். மலை தொடர்பான வழக்குகளைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அவை நீதிமன்றத்திற்கு உரியவை. அங்கே பேச நம் வழக்கறிஞர்கள் இருக்கின்றார்கள். அந்நாட்களில் நம் வீடுகளுக்குள் நடந்ததைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

அந்த டிசம்பர் இரவில் வளைகுடா நாடுகளிலிருந்து நம் பிள்ளைகள் ஓயாது தொலைபேசியில் அழைத்தார்கள். "அத்தா, கதவைப் பூட்டிக்கொண்டீர்களா? அம்மா பத்திரமா?" என்று அழாக்குறையாகக் கேட்டார்கள். அவ்வேளையில் ஒரு வீட்டில் அம்மா தோசை வார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளித் தேர்வுக்குத் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். மகன் கண்ட காட்சி பொய்யன்று. ஒரு தெருமுனையில் நடந்ததுதான். ஆனால் அந்த ஒரு முனையையே நூறு முறை பார்த்த பிள்ளைக்கு ஊர் முழுவதும் அதுவாகவே தெரிந்தது. மகன் இரண்டு நாட்கள் உறங்கவில்லை. அவன் அச்சத்தைக் கேட்ட தாய்க்கும் அதன் பிறகு உறக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் மக்தப் மதரஸாவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன், "ஹஜ்ரத், நாமெல்லாம் எந்த ஊரிலிருந்து இங்கே வந்தோம்?" என்று கேட்டிருக்கின்றான். அவன் பாட்டனாரும் அவருக்கு முந்தியவர்களும் இம்மலையடிவாரத்தில் பிறந்தவர்கள். அவர்கள் நெல்லித்தோப்பு அடக்கத்தலத்தில் உறங்குகின்றார்கள். ஆயினும் கைப்பேசியில் யாரோ ஒருவர் சொன்ன சொல், தான் பிறந்த மண்ணிலேயே தன்னை வந்தேறி என்று அந்தப் பிள்ளையை எண்ண வைத்துவிட்டது. இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன இருக்க முடியும்?

அந்த மாணவனுக்கான விடையை நம் மலையே தருகின்றது. மலையிலுள்ள இயற்கைக் குகையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகளும், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையான தமிழி எழுத்துகளும் உள்ளன. அவற்றுள் ஒன்றில், எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. ஈழத்தோடு தொடர்புடைய ஒரு குடும்பத் தலைவன் அன்றே இங்கே தன் பெயரை விட்டுச் சென்றிருக்கின்றான். வடபுறத்தில் முருகன் குடைவரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. தென்புறத்து உமையாண்டார் குடைவரை முதலில் சமணருடையதாக இருந்து, 13ஆம் நூற்றாண்டில் சைவக் கோயிலானது. மலைமேல் காசி விசுவநாதர் கோயிலும் உண்டு. சிக்கந்தர் பாதுஷா தர்காவும் உண்டு. அடங்கியிருப்பவர் மதுரையின் கடைசி சுல்தான் என்று வழிவழியாக நம்பப்படுகின்றது. அவ்வகையில் பார்த்தால் அது 14ஆம் நூற்றாண்டின் நினைவு. பல காலத்தில் பலர் வந்து சேர்ந்த மலை இது. வந்தவர் அனைவரும் இவ்வூரார் ஆனார்கள். பழனியாண்டவர் கோயில் தெரு வழியாகத்தான் நாம் தர்காவுக்கு ஏறுகின்றோம். அத்தெருவார் நமக்கு அயலார் அல்லர்.

"அக்காலத்தில் பிணக்கே இல்லையா?" என்று இளைஞர்கள் கேட்கலாம். இருந்தது. மலையின் உரிமை குறித்து 1920இல் மதுரை சார்பு நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டு, 1923இல் தீர்ப்பு வந்தது. மலை பெரும்பாலும் தேவஸ்தானத்திற்கு உரியது என்றும், நெல்லித்தோப்பு, அங்கிருந்து ஏறும் படிக்கட்டுகள், தர்காவும் கொடிமரமும் உள்ள உச்சிப் பகுதி ஆகியவை முஸ்லிம்களுக்கு உரியவை என்றும் அது கூறியது. 1931இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை நிலைநிறுத்தியது. பதினோர் ஆண்டுகள் நடந்த வழக்கு அது. அக்காலத்தில் வழக்கின் செய்தி ஊருக்குள் வர நாட்கள் ஆகியிருக்கும். கொண்டு வந்தவர் முகம் தெரிந்தவராக இருந்தார். அவர் சொல்லின் எடையை ஊர் அறிந்திருந்தது. இன்று செய்தியைக் கொண்டு வருபவரின் முகமும் தெரியாது, ஊரும் தெரியாது, நோக்கமும் தெரியாது. பிணக்கு பழையதுதான், அது வீட்டுக்குள் நுழையும் வாசல்தான் புதிது.

அந்த வாசல் படிப்படியாக அகன்றதை நம் வயதில் மூத்தோர் கண்டிருக்கின்றார்கள். 1942இல் நம் மதுரையில்தான் தினத்தந்தி தொடங்கப்பட்டது. தேநீர்க் கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். இடையிலே ஒருவர் மறுத்துப் பேசுவார். 1993இல் சன் தொலைக்காட்சி வந்த பின்னர் செய்தி வரவேற்பறைக்கு வந்தது. அப்போதும் குடும்பம் ஒன்றாக அமர்ந்து பார்த்தது. இப்போதோ ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைப்பேசிகளில் நான்கு ஊர்களைப் பார்க்கின்றார்கள். நாம் எதை அதிக நேரம் பார்க்கின்றோமோ அதையே மேலும் மேலும் நம் முன் நிறுத்தும்படி அக்கருவிகள் அமைக்கப்பட்டுள்ளன. சினமும் அச்சமும் நம்மை அதிக நேரம் கட்டிப்போடுகின்றன. எனவே அவையே நமக்கு அதிகமாகப் பரிமாறப்படுகின்றன.

ஊரின் அமைப்பும் மாறிவிட்டது. 2011இல் மதுரை மாநகராட்சி 100 வார்டுகளாக விரிந்தபோது நம் ஊரும் அதில் ஒரு பகுதியானது. பல ஊர்களிலிருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. பிள்ளைகள் வேன்களில் ஏறித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்குச் செல்கின்றார்கள். அடுத்த வீட்டுக்காரரின் பெயர் தெரியாத இடத்தில் அவரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். அவரும் நம்மைப் பற்றி அவ்வாறே நம்புவார் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம்பியதால் விளைந்ததை நம் மாநிலமே கண்டிருக்கின்றது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த முதிய பெண்மணி ஒருவர், பிள்ளை பிடிப்பவர் என்று கருதப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியே காரணம். 2023 மார்ச் மாதத்தில் பீகார் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவின. திருப்பூரிலும் பிற இடங்களிலும் அத்தொழிலாளர்கள் அஞ்சினார்கள். ஊர் திரும்பியவர்களும் உண்டு. யாரும் அடிக்காமலே அவர்கள் அடிபட்டவர்கள் ஆனார்கள்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியாமல் செயற்படாதீர்கள், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என்பது சூரா ஹுஜுராத் நமக்குத் தரும் அறிவுரையின் கருத்து. செவியில் விழுந்ததையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. கைப்பேசியில் ஒரு விரலால் அனுப்புவதும் சொல்வதே ஆகும். அனுப்பிய விரலுக்கும் மறுமையில் கேள்வி உண்டு.

ஆகவே நிர்வாகம் தங்கள் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கின்றது.

முதலாவது, ஊரைப் பற்றிய எந்தக் காணொலி வந்தாலும் ஓர் இரவு பொறுத்திருங்கள். மறுநாள் நிர்வாகத்திடமோ, நேரில் கண்டவரிடமோ கேட்டறியாமல் எவருக்கும் அனுப்பாதீர்கள். நம்மைப் புகழ்ந்து வரும் காணொலிக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ளவர்கள் முதலில் வீட்டுக்கு அழையுங்கள். செய்தியைப் பிறகு பாருங்கள். வீட்டில் உள்ளவர்களும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

மூன்றாவது, தெருவில் ஒலிவாங்கியை நீட்டுபவரிடம் இளைஞர்கள் பேச வேண்டாம். பத்து நிமிடம் நிதானமாகப் பேசியதில், பதறிப் பேசிய பத்து வினாடி மட்டுமே வெளிவரக்கூடும். கேள்வி கேட்பவரை மரியாதையுடன் நிர்வாக அலுவலகத்திற்கு அனுப்பி வையுங்கள்.

நான்காவது, மதரஸா மாணவர்களை ஆண்டுக்கு ஒரு முறை மலையைச் சுற்றி நடத்தி அழைத்துச் செல்ல விரும்புகின்றோம். கற்படுக்கை, குடைவரை, சரவணப் பொய்கை, தென்கால் கண்மாய் ஆகியவற்றின் வரலாற்றைப் பெரியோர்கள் உடன்வந்து சொல்ல வேண்டும். அடுத்த தெருப் பிள்ளைகளும் சேர விரும்பினால் மகிழ்வுடன் அழைத்துக்கொள்வோம். தன் ஊரைக் காலால் நடந்து அறிந்த பிள்ளையிடம், "நீ எந்த ஊர்?" என்று எவர் கேட்டாலும் அவன் தடுமாற மாட்டான்.

வழக்குகள் ஒருநாள் முடியும். தொலைக்காட்சி வாகனங்கள் வேறு ஊருக்குச் சென்றுவிடும். அதன் பின்னரும் அதே தெருவில், அதே குழாயடியில், அதே ரயில் நிலைய நடைமேடையில் நாமும் நம் அயலாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தாக வேண்டும். அந்த நாளுக்காகச் சொல்லையும் உள்ளத்தையும் காத்துக்கொள்வோமாக. நம் ஊருக்கும், ஊரார் அனைவருக்கும் அமைதியையும், நமக்குப் பொறுமையையும் நல்லறிவையும் வல்ல இறைவன் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.