'லைன் இல்லை': சேவை முகப்பும் தொழில்நுட்பப் பயிற்சியும்



வாடிக்கையாளர் சேவைக் குழுவினருக்குத் தொழில்நுட்பத் திறன் ஊட்டுவது பற்றி மொழியியலார் பேசுவானேன் என நீங்கள் ஐயுறலாம். பொந்தியான் போன்ற சிறுநகரில் கைப்பேசிக் கடையின் முகப்பில் நிற்கும் இளைஞர் கருவியைக் கையில் வாங்குமுன் ஒரு தொடரைக் கேட்கிறார்: 'லைன் இல்லை'. அத்தொடரின் பொருளை ஆராய்வது நம் துறைக்கும் உரிய வேலையே.

நம் நாட்டில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியை எல்லையாகக் கொண்டு படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதன்பின் அந்த ஒரே தொடர் பல பொருள் தாங்கி வரலாயிற்று. 3ஜி வரை மட்டுமே இயங்கும் பழைய கைப்பேசி 2ஜிக்கு இறங்கிவிடும். பேசலாம், இணையமோ பெயரளவுக்கே. சில கருவிகள் 4ஜி உடையவை. ஆயினும் 4ஜி வழியே குரல் அழைப்பை நடத்தும் வி.ஓ.எல்.டி.இ. வசதி அவற்றில் முடுக்கப்பட்டிராது. அழைப்பு வந்ததும் அவை 2ஜிக்கு மாறும். பேசி முடிக்கும்வரை இணையம் நின்றுபோகும். இன்னும் சிலருக்குக் கருவியில் குறையே இராது; முன்கட்டணம் தீர்ந்திருக்கும்.

முதலாமவருக்குப் புதுக் கருவி வேண்டும். இரண்டாமவருக்கு அமைப்பில் ஒரு மாற்றம் போதலாம். மூன்றாமவர் பத்து ரிங்கிட் கட்டினால் தீர்ந்தது. இவ்வேறுபாடு அறியாத பணியாளர் மூவருக்கும் புதுக் கைப்பேசியையே எடுத்துக் காட்டுவார். தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த முதியவருக்குச் சில நூறு ரிங்கிட் சிறு தொகையன்று.

இன்முகமும் இன்சொல்லும் மட்டும் பழக்கும் பயிற்சிகள் உள்ளன. அவை வேண்டியவையே, பழுது அவற்றால் தீராது. பயிற்றுநர் அமைப்பு மாற்றப்பட்ட இரண்டு மூன்று பழைய கைப்பேசிகளை மேசைமேல் வைக்கட்டும். ஒருவர் வாடிக்கையாளராக நடித்து வீட்டுத் தமிழிலேயே முறையிடட்டும். மற்றவர் கருவியைத் தொடுமுன், 'எப்போதுமே வரவில்லையா, பேசும்போது மட்டும் நிற்கிறதா?', 'வீட்டில் மட்டுமா, கடைத்தெருவிலுமா?' என வினவிக் காரணத்தைக் குறுக்கப் பழகட்டும். இத்தகைய ஒரு மாலைப்பொழுது தடித்த கையேட்டினும் பயன் தரும் என்பது நம் கருத்து. 'திசைவி' போன்ற கலைச்சொற்களில் நமக்கு மகிழ்ச்சி உண்டு; ஆனால் 'வைஃபை பெட்டி' என்று வருபவரைத் திருத்தும் இடம் சேவை முகப்பன்று.

பயிற்சிக்குப் பணம்? 1993இல் தொடங்கி, 2001ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நடைபெறும் மனிதவள மேம்பாட்டுத் தீர்வை முறை உள்ளது. அது சாரும் துறைகளில், பத்து மலேசியப் பணியாளர்களுக்குக் குறையாத நிறுவனம் ஊதியத்தில் 1 விழுக்காடு செலுத்திப் பயிற்சிக்கு நிதி பெறும். ஐந்து முதல் ஒன்பது பேர் உள்ள நிறுவனம் விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். மூவர் நிற்கும் கடைக்கு அவ்வாசல் இல்லை. நம் பிள்ளைகள் பள்ளி முடித்து முதல் வேலைக்குச் செல்வதோ பெரும்பாலும் அத்தகைய கடைகளுக்கே.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இப்பருவத்தில் மாணவர்கள் அக்கடைகளுக்குச் சென்று, வாடிக்கையாளர் பெயரைக் குறிக்காமல், அவர்கள் சொல்லும் முறையீட்டுத் தொடர்களை மட்டும் சொன்னபடியே எழுதி வரட்டும். கைப்பேசி பழுதுபார்ப்பவர் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, ஒவ்வொரு தொடரின் எதிரிலும் இருக்கக்கூடிய காரணங்களையும் கேட்கவேண்டிய வினாவையும் எழுதச் செய்யுங்கள். அந்தப் படிகளைக் கடைகளுக்கே திருப்பிக் கொடுங்கள்.