பெயரில்லாத இரண்டு காவலாளிகள்

(மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கே வந்து ஷேக்ஸ்பியரைப் பத்தி எதுக்குப் பேசணும் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் கல்லூரியில் படித்தபோது 'மாக்பெத்' பாடமாக இருந்தது. 'பேராசையால் ஒரு மாவீரன் அழிந்த கதை' என்று ஆசிரியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நாங்களும் அதையே எழுதித் தேறினோம். ஒருநாள் எழுந்து, 'ஐயா, ராஜாவோட அறையில தூங்கின அந்த ரெண்டு காவலாளிங்க என்ன தப்பு செஞ்சாங்க?' என்று கேட்டேன். 'அது பரீட்சைக்கு வராது, உட்கார்' என்றார். அன்னைக்கு உட்கார்ந்தவன், இன்னைக்குத்தான் எழுந்து பேசுறேன்.

முதலில், இந்தப் பிரதி எங்கே பிறந்தது? ஸ்காட்லாந்து அரசன் ஜேம்ஸ் 1603-இல் இங்கிலாந்துக்கும் அரசனானான். 1605-இல் பாராளுமன்றத்தோடு சேர்த்து அவனை வெடிவைத்துக் கொல்லும் சதி பிடிபட்டது. நாடகம் எழுதப்பட்டது 1606 வாக்கில். ஜேம்ஸ் தன் வம்சம் பாங்க்வோவிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டவன். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்க்வோவும் கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அவன் உத்தமன்! உண்மையில் டங்கன் 1040-இல் மாக்பெத்தின் படையோடு மோதிச் செத்தவன், தூக்கத்தில் அல்ல. மாக்பெத் அதன்பின் 17 ஆண்டுகள் ஆண்டான். யார் துரோகி, யார் உத்தமன் என்பதைத் தீர்மானிப்பதில் சிம்மாசனத்துக்கும் பங்கிருக்கிறது பாருங்க.

அடுத்து, பேராசை. தொடக்கத்தில் மாக்பெத் ஒரு கலகக்காரனைத் தொப்புளிலிருந்து தாடை வரை பிளந்து போடுகிறான். அரசவை அதைக் கொண்டாடுகிறது, பட்டம் கொடுக்கிறது. அதே வாள் அரசன் பக்கம் திரும்பினால்தான் பாவம். மாக்பெத் ஒன்றும் கீழே கிடந்து மேலே வரத் துடித்தவன் அல்ல. அரசனின் உறவினன், ஏற்கெனவே பிரபு. ஆகவே, 'ஆசைப்படாதே, அழிவாய்' என்று இந்த நாடகத்தைக் காட்டி யாராவது நமக்குப் புத்தி சொன்னால் ஏமாந்துடாதீங்க. மேலே வரணும்னு நினைக்கிறது குற்றமில்லை. எவன் கழுத்தை மிதித்து வருகிறோம் என்பதுதான் கேள்வி.

அவன் வீழ்ச்சியைப் படிப்படியாகப் பாருங்கள். டங்கனைக் கொல்லும் முன் தயங்குகிறான், மனைவியோடு வாதாடுகிறான், தன் கையாலேயே குத்துகிறான். அந்த அம்மா காவலாளிகளுக்கு மயக்க மருந்து கலந்து கொடுத்திருக்கிறாள். அவர்கள்மேல் ரத்தத்தைப் பூசுகிறாள். விடிந்ததும் கோபம் வந்தவன்போல அந்த இருவரையும் வெட்டுகிறான். அவர்களுக்குப் பெயரில்லை, வசனமில்லை. ஏன் கொன்றாய் என்று மக்டஃப் மட்டும் கேட்கிறான். அவர்களுக்காக அழ ஒரு ஆள் இல்லை.

அடுத்த கொலைக்குக் கூலி ஆட்கள். வாழ்க்கையில் அடிபட்டு நொந்த இரண்டு பேரைப் பிடித்து, 'உங்க கஷ்டத்துக்கெல்லாம் பாங்க்வோதான் காரணம்' என்று ஏற்றிவிடுகிறான். நாங்களும் மனுஷங்கதான் என்று அவர்கள் சொல்ல, என்ன பதில் சொல்கிறான் தெரியுமா? நாய்களில் வேட்டைநாய், கலப்புநாய், காவல்நாய் என்று தரம் பிரிப்பதுபோல மனிதர்களுக்கும் பட்டியல் உண்டு என்கிறான். பட்டியலில் மேலே ஏறணுமா, போய்க் கொன்னுட்டு வா! ஒடுக்கப்பட்டவனை ஏவியே கொலை செய்கிற தந்திரம் 400 வருஷம் முன்னாலேயே மேடையில் இருக்கிறது. படிநிலை என்கிற சொல்லை விளக்க எனக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்கவில்லை.

இந்தத் திட்டத்தை மனைவியிடமே மறைக்கிறான். ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் கூலி கொடுத்து ஒற்றன் வைக்கிறான். பிறகு மக்டஃபின் மனைவி, பிள்ளைகள். அதற்கு ஒரு காரணம்கூட இல்லை. கடைசியில் எதிரிப்படை பத்தாயிரம் என்று சொல்ல வந்த வேலைக்காரப் பையனை, முகம் வெளுத்ததற்காகத் திட்டித் தீர்க்கிறான். அறவீழ்ச்சி என்றால் இதுதான் தோழர்களே: முதலில் மனச்சாட்சியோடு பேச்சு நிற்கிறது, அப்புறம் துணையோடு, அப்புறம் எல்லோரோடும். கேள்வி கேட்க ஆளில்லாத எந்தத் தலைவனுக்கும் இது நடக்கும்.

அவன் தலை விழுந்ததும் என்ன மாறியது? மால்கம் அரசனாகிறான். பிரபுக்களுக்குப் புதுப் பட்டம் தருகிறான். காவலாளிகளின் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

அதனால் இந்த நாடகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 1936-இல் நியூயார்க்கின் ஹார்லெமில், ஆர்சன் வெல்ஸ் இயக்கத்தில் கறுப்பின நடிகர்களே இதை நடித்தார்கள்; கதையை ஹெய்ட்டி போன்ற ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். பிரதி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்த நிலமில்லை.

முடிக்கிறேன். அரசி தூக்கத்தில் நடந்து, ரத்தக்கறை போகவில்லை என்று கையைத் தேய்க்கும் காட்சியை எல்லோரும் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கும் பணிப்பெண்ணைக் கவனியுங்கள். முந்தைய இரவுகளில் அரசி உளறியதெல்லாம் அவள் காதில் விழுந்திருக்கிறது. மருத்துவர் கேட்கிறார். அவள் சொல்ல மறுக்கிறாள். தன் பேச்சுக்குச் சாட்சி கிடையாது என்கிறாள். உண்மை முழுசும் தெரிந்தவள் வேலைக்காரி. அவள் சொன்னால் எடுபடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் பக்கத்தில் போய் நின்று, 'நீ சொல்லும்மா, நாங்க சாட்சி' என்று சொல்கிறவர்களாக நாம் இருக்கணும். படிப்பு அதுக்குத்தான்.